ஊர்த் தெரு யாருக்கு உரியது?

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)

 

நல்ல சாலை வேண்டுமென்று மனுக் கொடுக்காத ஊர் ஒன்றேனும் உண்டா? மழைக்காலத்துச் சேற்றில் பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலோடு தூக்கிச் சென்ற நாட்களை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 1943ஆம் ஆண்டில் நாகபுரியில் கூடிய தலைமை இஞ்சினீயர்கள் நாட்டின் சாலைகளை ஐந்து வகைகளாகப் பிரித்தனர். அவ்வரிசையில் கடைசியாக நின்றது கிராமச் சாலை. அது கடைசியிலேயே நெடுங்காலம் நின்றது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டமும், மாநில அரசின் திட்டங்களும் அந்நிலையைப் பெரிதும் மாற்றின. சமவெளியில் ஐந்நூறு பேர் வாழும் குடியிருப்புக்கும் எக்காலத்திலும் செல்லத்தக்க சாலை வேண்டும் என்பது அத்திட்டத்தின் நோக்கம். இன்று தார்ச்சாலையோ சிமெண்டுத் தெருவோ காணாத ஊர் அரிது. இதற்காக நாம் மகிழ்கிறோம்.

ஆயினும், சாலை வந்தபோது அதன்மேல் ஏறி மற்றொன்றும் ஊருக்குள் வந்துவிட்டது. அதுதான் வேகம். அதற்கு நாம் மனுக் கொடுக்கவில்லை. கிராம சபையில் தீர்மானமும் போடவில்லை. ஆனால் அதற்குரிய விலையை மட்டும் நாமே கொடுத்து வருகிறோம்.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டில் 64,105 விபத்துகள் நிகழ்ந்தன. 17,884 உயிர்கள் போயின. இவை பட்டணத்துக் கணக்கு என்று எண்ணிவிட வேண்டா. நாட்டில் மாண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கிராமப்புறச் சாலைகளில் மாண்டவர்கள். அன்றியும், இறந்தவர்களில் ஐவரில் ஒருவர் நடந்து சென்றவர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இவர்களுக்குத் தங்கள் உடம்பைத் தவிர வேறு கவசம் இல்லை.

ஆகவே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: நம் ஊர்த் தெருவை எவ்வாறு அமைத்தால், அதில் செல்லும் எல்லோரும் பத்திரமாக வீடு திரும்புவார்கள்?

தெருவில் செல்வோர் யார்?

ஊர்த் தெருவில் ஒரு நாள் முழுவதும் அமர்ந்து கவனித்துப் பாருங்கள். விடியற்காலையில் பால்காரர் சைக்கிளில் வருகிறார். மாடுகள் மேய்ச்சலுக்குச் செல்கின்றன. பெண்கள் குடத்துடன் குழாயடிக்கு வருகிறார்கள். எட்டு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகச் செல்கிறார்கள். கோலூன்றிய கிழவர் ஒருவர் டீக்கடைக்குப் போகிறார். கண் தெரியாதவர் ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறார். மாட்டு வண்டி, டிராக்டர், சிற்றுந்து, நெல் ஏற்றிய லாரி, மோட்டார் சைக்கிளில் பறக்கும் இளைஞர் ஆகிய எல்லோருக்கும் அதே பன்னிரண்டடிப் பாதைதான்.

இவர்களுள் மாடு மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் செல்லும். மனிதர் ஐந்து கிலோமீட்டர் நடப்பார். சைக்கிள் பதினைந்து செல்லும். மோட்டார் வாகனம் அறுபது செல்ல வல்லது. பன்னிரண்டடி அகலத்தில் நான்கும் அறுபதும் கலந்து ஓடுகின்றன என்றால் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

நான்கு கிலோமீட்டர் செல்பவரை அறுபதுக்கு உயர்த்த முடியாது. அறுபதில் வருபவரைத்தான் குறைக்க வேண்டும். இதுவே நமது பேச்சின் சாரம். எந்தத் தெருவுக்கும் அளவுகோல், அதில் மிக மெதுவாகச் செல்பவரே.

வேகத்தின் கணக்கு

வேகம் இரட்டித்தால் ஆபத்தும் இரட்டிக்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். கணக்கு அவ்வாறு இல்லை. ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்கே ஏறத்தாழ ஒரு வினாடி ஆகிறது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த ஒரு வினாடியில் எட்டு மீட்டர் தூரம் ஓடிவிடும். பிறகு, உலர்ந்த நல்ல சாலையில், பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஐந்து மீட்டர் வேண்டும். ஆகப் பதின்மூன்று மீட்டரில் நின்றுவிடும். அறுபது கிலோமீட்டரில் வந்தாலோ, கண்ட வினாடியிலேயே பதினேழு மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்து நிற்க இருபது மீட்டர் வேண்டும். ஆக முப்பத்தேழு மீட்டர்.

இதைத் தெருவில் வைத்துப் பாருங்கள். பதினைந்து மீட்டர் தொலைவில், வைக்கோற் போருக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை பந்தின் பின்னே ஓடி வருகிறது. முப்பதில் வந்தவர் குழந்தைக்கு முன்னால் நின்றுவிடுகிறார். இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போகிறார். அறுபதில் வந்தவரோ, பிரேக்கில் கால் அழுந்துவதற்கு முன்பே குழந்தையின்மீது மோதிவிடுகிறார். அதே குழந்தை, அதே தெரு, அதே கவனமுள்ள ஓட்டுநர். உயிருக்கும் மரணத்துக்கும் இடையே நின்றது வேகம் ஒன்றே.

இக்காரணம் பற்றியே, 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள், நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் வாகனங்களுடன் கலந்து செல்லும் இடங்களில் வேகம் முப்பது கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று பிரகடனம் செய்தனர். நம் ஊர்த் தெருவெல்லாம் அத்தகைய இடமே அன்றோ?

பலகை மட்டும் போதுமா?

"மெதுவாகச் செல்லவும்" என்று பலகை எழுதி நட்டுவிட்டால் தீர்ந்தது என்பர் சிலர். பலகை வேண்டியதுதான். ஆனால் நேராகவும் அகலமாகவும் வழுவழுப்பாகவும் கிடக்கும் சாலை "வேகமாக வா" என்று அழைக்கும்போது, ஓரத்தில் நிற்கும் பலகையின் குரல் யார் காதில் விழும்? ஓட்டுபவர் படிப்பது பலகையை அன்று. தெருவின் அமைப்பையே படிக்கிறார். தெருவே மெதுவாகச் செல்லும்படி அமைந்திருந்தால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் மெதுவாகச் செல்வார்.

நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ஒரு புதுமை பிறந்தது. வீட்டு வாசல்களை ஒட்டி வாகனங்கள் விரைவதைக் கண்டு மனம் பொறாத மக்கள், தெருவில் மரத்தொட்டிகளையும் இருக்கைகளையும் இட்டு, பாதையை வளைந்து செல்லுமாறு செய்தனர். வாகனங்கள் தாமே நடைவேகத்துக்கு இறங்கின. 1976இல் அந்நாட்டு அரசு அதைச் சட்டமாகவே ஏற்று, அத்தகைய தெருக்களில் முழு அகலமும் நடப்போருக்கும் குழந்தைகளுக்கும் உரியது என்று விதித்தது. திண்ணையில் அமர்ந்து பேசி, வாசலில் கோலமிட்டு, தெருவிலேயே பிள்ளைகளை விளையாடவிட்டு வளர்ந்த நமக்கு இஃது அந்நியமான கொள்கையன்று. நாம் கைவிட்டதை அவர்கள் சட்டம் போட்டு மீட்டுக்கொண்டனர்.

இரவோடிரவாகப் போட்ட மேடு

வேகத்தைக் குறைக்க நம் மக்கள் அறிந்த வழி வேகத்தடை ஒன்றே. அதிலும் எச்சரிக்கை வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு நாம் ஓர் ஊருக்குச் சென்றிருந்தோம். ஊரின் பெயர் வேண்டா. பள்ளி வாசலில் ஒரு சிறுவன்மீது வண்டி மோதிவிட்டது. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் ஊர் கொதித்தது. அன்றிரவே இளைஞர்கள் உடைந்த செங்கல்லையும் சிமெண்டையும் குழைத்துச் சாலையின் குறுக்கே இரண்டு மேடுகள் போட்டுவிட்டனர். வண்ணமும் இல்லை, பலகையும் இல்லை, விளக்கும் இல்லை. நான்காம் நாள் விடியுமுன் பால் கொண்டுவந்த முதியவர் சைக்கிளோடு விழுந்து கையை முறித்துக்கொண்டார். நாம் போய்ப் பார்த்தபோது அவர் சொன்ன சொல் இன்னும் நம் காதில் ஒலிக்கிறது: "மேடு போட்டவங்க மேல கோபம் இல்லீங்க ஐயா. புள்ளைங்களுக்காகப் போட்டாங்க. ஆனா மேடு இருக்குதுன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

சொல்வது என்றால் என்ன? கறுப்பு வெள்ளைப் பட்டையும், முன்கூட்டியே எச்சரிக்கும் பலகையும், இரவில் ஒரு விளக்குமே தெரு சொல்லும் சொற்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988இல் வேகத்தடைக்கு அளவு வகுத்தது. 2018இல் அந்நெறிகளைத் திருத்தி வெளியிட்டது. 1988ஆம் ஆண்டின் அளவுப்படி, வேகத்தடை சாலையின் நீளவாக்கில் 3.7 மீட்டர், அதாவது பன்னிரண்டடி இருக்க வேண்டும். நடுவில் 10 சென்டிமீட்டர், அதாவது நான்கு அங்குலம் உயர வேண்டும். ஆமையின் முதுகுபோல் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் இம்மேட்டை 25 கிலோமீட்டர் வேகத்தில் குலுக்கலின்றிக் கடக்கலாம். நாம் போடும் ஓரடி அகல மேடோ, சைக்கிளைத் தள்ளிவிடும். 108 வண்டியில் செல்லும் நோயாளியின் உடலைக் குலுக்கும். வேகமாக வரும் மோட்டார் சைக்கிளைத் தூக்கி எறியும். தடை வேண்டுமா, வேண்டாவா என்பதை ஊர் சொல்லட்டும். எங்கே, எந்த அளவில் என்பதை இஞ்சினீயரைக் கேட்டுச் செய்க.

ஊராட்சி செய்யத்தக்கவை

இனி, பெருஞ்செலவின்றி ஊராட்சி செய்யக்கூடிய சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, பார்வை. தெரு முனையிலும் வளைவிலும் சீமைக் கருவேலம் அடர்ந்து எதிரே வருவதை மறைக்கிறது. வைக்கோற் போரும் விறகுக் கட்டும் குப்பைமேடும் அதையே செய்கின்றன. வளைவின் உட்புறத்தை வெட்டித் துப்புரவாக வைத்தால், அதுவே பாதிக் காவல்.

இரண்டாவது, நடக்கும் இடம். பெரும்பாலான தெருக்களில் ஓரத்தில் திறந்த சாக்கடை ஓடுகிறது. நடப்பவர் அதற்கு அஞ்சி நடுத்தெருவுக்கு வருகிறார். சாக்கடையின்மேல், துப்புரவுக்காகத் தூக்கி எடுக்கத்தக்க கற்பலகைகளை இட்டுச் சமமாக மூடினால், அதுவே நடைபாதையாகும். குறுக்குத் தெரு வரும் இடத்தில் படி வைக்காமல் சரிவு வைத்தால், சக்கர நாற்காலியும் செல்லும். தண்ணீர்த் தள்ளுவண்டியும் செல்லும். ஊருக்கு வெளியே செல்லும் சாலையில், தார் விளிம்புக்கும் மண் ஓரத்துக்கும் இடையே பள்ளம் விழாதபடி கிராவல் இட்டு நிரப்ப வேண்டும். லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கும் சைக்கிள்காரர் விழுவது அந்தப் பள்ளத்திலேதான். மாட்டின் குளம்புக்கும் வழுக்காத இடம் அம்மண் ஓரமே.

மூன்றாவது, நுழைவாயில். வாகனம் ஊருக்குள் நுழையும் இடத்தில், "இது வயற்காட்டுச் சாலையன்று, மக்கள் வாழும் தெரு" என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரு புறமும் விளிம்பினின்று தள்ளி வேம்பும் புங்கனும் நட்டு, ஊர்ப்பெயர்ப் பலகை வைத்து, ஓரக்கோடுகளை உள்வாங்கி வரைந்து பாதையைக் குறுக்கிக் காட்டினால், ஓட்டுபவரின் கால் தானே தளரும். ஊருக்குள் தெருவை வீணாக அகலப்படுத்துவது வேகத்தை அழைப்பதாகும்.

நான்காவது, பள்ளி வாசலும் பேருந்து நிறுத்தமும். பிள்ளைகள் கடக்கும் இடத்தைத் தட்டையான மேடையாக உயர்த்திக் கோடிட்டால், பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவார்கள், வண்டியும் தணியும். பேருந்தினின்று இறங்கியவர் பேருந்துக்கு முன்னால் பாய்ந்து கடப்பதே பல விபத்துகளுக்குக் காரணம். கடக்கும் இடத்தைத் தாண்டிப் பேருந்து நிற்குமாறு நிறுத்தத்தை அமைத்தால், மக்கள் பேருந்தின் பின்புறமாகக் கடப்பார்கள்.

ஐந்தாவது, கிணறும் மதகும் விளக்கும். சாலையோரத்துத் தரைமட்டக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பாத ஊராட்சி, தன் கடமையில் தவறிய ஊராட்சியாகும். மதகின் இருபுறமும் கைப்பிடிச் சுவர் கட்டி வெள்ளையடித்து வைக்க வேண்டும். விளக்கை வளைவிலும், மதகிலும், கடக்கும் இடத்திலும் முதலில் போடுக. தலைவர் வீட்டு வாசலில் இரண்டும் பள்ளத்து மதகில் ஒன்றுமின்றியும் எரியும் ஊரை நாம் கண்டதில்லை என்று சொல்ல முடியவில்லை.

ஆறாவது, களம். இதை உழவர்களாகிய உங்களிடம் உரிமையோடு சொல்கிறோம். தார்ச்சாலை வந்தபின் அதுவே நம் களமாகிவிட்டது. கேழ்வரகும் கொள்ளும் எள்ளும் உளுந்தும் சாலையில் பரப்பப்படுகின்றன; வண்டிச் சக்கரம் ஏறிக் கதிர் உதிர்கிறது. ஆனால் அத்தாளின்மேல் இருசக்கர வாகனம் வழுக்குகிறது. நெல்லைக் காக்க வைத்த கல், இரவில் எடுக்கப்படாமல் கிடந்து ஒருவரைக் கவிழ்க்கிறது. அதைக் குற்றமென்று மட்டும் கூறிவிட்டுப் போவது எளிது. களம் இல்லாத உழவர் வேறு எங்கே உலர்த்துவார்? ஆகவே, பொது நிலத்தில் உலர்களம் அமைத்துத் தருவது சாலைப் பாதுகாப்புப் பணியேயாகும். களத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு சாலையைக் கேட்பதே முறை.

ஏழாவது, தெருவின் மட்டம். பழைய தெருவின்மேலேயே மீண்டும் மீண்டும் சிமெண்டு போட்டு, வீட்டு வாசல்கள் பள்ளத்தில் அமிழ்ந்த ஊர்கள் உண்டு. மழைநீர் வீட்டுக்குள் புகுகிறது. கிழவி தெருவுக்கு ஏற முடியாமல் தவிக்கிறாள். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதியது இட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குக.

யார் பொறுப்பு?

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊர்ச் சாலை, மதகு, வடிகால், தெருவிளக்கு ஆகியவற்றைக் கிராம ஊராட்சியின் கடமைகளாகவே வைத்திருக்கிறது. ஒன்றியச் சாலை ஒன்றியத்தைச் சேரும். நெடுஞ்சாலை அத்துறையைச் சேரும். பிறருடைய சாலையில் நாமே மேடு போடக்கூடாது. ஆனால் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. இடத்தையும் நிகழ்ந்ததையும் குறித்துத் தீர்மானத்தோடு அனுப்புக. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, உரிய தரத்தைக் கைவிட்டுச் சாலை அமைத்து அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. விபத்து என்பது விதி மட்டுமன்று. அமைப்பின் குற்றமும் அதில் உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது.

எங்கே தொடங்குவது?

அடுத்த கிராம சபைக்கு முன் ஒரு நாள், ஊராட்சியார் தெருவில் நடந்து பாருங்கள். ஜீப்பில் போக வேண்டா. காலையில் பள்ளிப் பிள்ளைகளோடு நடங்கள். மாலையில் மாடுகளோடு திரும்புங்கள். இரவில் ஒரு முறை விளக்கின்றி நடங்கள். கூடவே ஒரு கிழவியையும், ஒரு கர்ப்பிணிப் பெண்ணையும், சைக்கிள் ஓட்டும் சிறுமியையும், வண்டிக்காரரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் நின்ற இடத்தில் நில்லுங்கள். அஞ்சிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சாவடியில் கோலப்பொடியால் ஊர்ப்படம் வரைந்து, விழுந்த இடத்திலும், விழாமல் தப்பிய இடத்திலும் ஒவ்வொரு கல் வையுங்கள். கற்கள் குவியும் இடமே உங்கள் முதல் வேலை.

அவ்வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள்: காசின்றி நாமே செய்வன, ஊராட்சி நிதியில் செய்வன, மேலிடத்துக்கு எழுதிப் பெறுவன. முதல் பட்டியலை அந்த வாரமே முடியுங்கள். அதிலும், தெருவை மறித்து நிற்கும் விறகுக் கட்டு உறுப்பினர் ஒருவருடையதாக இருந்தால், அதுவே முதலில் நகரட்டும். மற்றவர் விறகுக் கட்டுகள் பிறகு சண்டையின்றி நகரும்.

நண்பர்களே! ஒரு தெரு நல்ல தெருவா என்பதை அதில் வண்டி எத்தனை வேகமாகச் செல்கிறது என்பதைக் கொண்டு அளக்க வேண்டா. எட்டு வயதுச் சிறுமி தனியே பள்ளிக்குச் சென்று திரும்புகிறாளா, எண்பது வயதுப் பெரியவர் துணையின்றிக் கோயிலுக்குச் சென்று வருகிறாரா என்று பாருங்கள். தாயானவள் வாசலைப் பார்த்துக் கவலைப்படாமல் அடுப்படியில் வேலை செய்ய இயன்றால், அந்த ஊராட்சி தன் கடமையைச் செய்துவிட்டது எனலாம். அத்தகைய தெரு உங்கள் ஊரில் அமையட்டும் என்று வாழ்த்தி, நமது உரையை இத்துடன் முடிக்கின்றோம்.